அந்தம்மா எங்க உக்காந்து எழுதினாங்க? (ஒரு ரிட்டயர்டு பேங்க்காரியோட அமெரிக்க ரோடு ட்ரிப்)

நாள் 1, நியூஜெர்சில இருந்து வாஷிங்டன்

பையன் வீட்டுக்கு வந்து அஞ்சு வாரம் ஆச்சு, நயாகரா பாத்தாச்சு, சுதந்திர தேவி சிலை பாத்தாச்சு, மால்ல கால் தேய நடந்தாச்சு, இனி என்னம்மா பாக்கணும்னு பையன் கேட்டான். அமெரிக்க ஜனாதிபதிகளோட சம்சாரங்க இருந்த வீடெல்லாம் பாக்கணும்டான்னேன். ஒரு நிமிஷம் பேச்சே வரல அவனுக்கு. இவர் பேப்பர மடிச்சு வச்சுட்டு, "ஜனாதிபதிகளையாவது பாக்கணும்னு சொல்லலாம்ல, அது என்ன சம்சாரம்?"னு கேட்டார்.

காரணம் இருக்கு. நான் 34 வருஷம் பேங்க்ல குப்ப கொட்டினவ. அந்தக் காலத்துல ஒரு பிராஞ்சுல மேனேஜரோட சம்சாரம் உள்ள வந்தா கேஷ் கவுண்டர் வரைக்கும் எல்லாரும் எழுந்து நிப்போம், அந்தம்மாவுக்கு போஸ்ட்டும் கிடையாது சம்பளமும் கிடையாது, ஆனா ட்ரான்ஸ்ஃபர் நிறுத்தணும்னா மேனேஜர்ட்ட போனா நடக்காது, அம்மாட்ட ஒரு வார்த்த சொன்னா நடக்கும். இதே சமாச்சாரம் ஒரு நாட்டு லெவல்ல நடந்தா எப்படி இருக்கும்னு ரொம்ப நாளா ஒரு அரிப்பு, அதான்.

நாலு மணி நேரம் கார். புளியோதரை டப்பா மடியில. ரோட்ட பத்தி எழுத ஒண்ணுமில்ல, நேரா போகுது.

நாள் 2, வாஷிங்டன்

காலைல முதல்ல டைடல் பேசின்னு ஒரு குளம், சுத்தி செர்ரி மரம். நாங்க வந்தது ஜூன், பூ ஒண்ணுகூட இல்ல, வெறும் இலை. "இதப் பாக்கவா இவ்ளோ தூரம், நம்ம ஊர் புங்க மரம் மாதிரியே இருக்கு"ன்னு இவர் ஆரம்பிச்சுட்டார். ஆனா எனக்கு பூ முக்கியமில்ல, நட்டவங்கதான் முக்கியம். ஹெலன் டாஃப்ட். 1909 மார்ச்ல புருஷன் ஜனாதிபதி ஆனார், மே மாசம் இவங்களுக்கு ஸ்ட்ரோக், பேச்சு போச்சு. மறுபடி பேசக் கத்துக்கிட்டாங்க, தங்கச்சிங்க வந்து விருந்தாளிங்கள கவனிச்சாங்க. அந்த நிலமைலயும் இந்த குளத்தோரம் மரம் வைக்கிற யோசனைய விடல. ஜப்பான்ல இருந்து முதல்ல வந்த 2,000 மரத்துல பூச்சின்னு 1910ல எல்லாத்தையும் கொளுத்திட்டாங்க. திரும்ப 3,020 மரம் வந்துச்சு. 1912 மார்ச் 27, முதல் மரத்த ஹெலன் நட்டாங்க, ரெண்டாவத ஜப்பான் தூதரோட சம்சாரம். ஹெலனோட புருஷன் செஞ்சத சொல்லுங்கன்னா எனக்கு யோசிச்சுதான் சொல்லணும், மரத்த பாக்க இன்னிக்கும் லட்சக்கணக்குல ஜனம் வருது.

அப்புறம் ஸ்மித்சோனியன் மியூசியம், அமெரிக்க வரலாறுக்குன்னு இருக்குற கட்டடம், மூணாவது மாடி. உள்ள போக காசு கிடையாது, அதுல இவருக்கு பரம சந்தோஷம். ஃபர்ஸ்ட் லேடிங்களோட (ஜனாதிபதி சம்சாரத்த இங்க அப்படித்தான் சொல்றாங்க) கவுனெல்லாம் கண்ணாடிக்குள்ள நிக்குது. துணி நைஞ்சிடக் கூடாதுன்னு வெளிச்சத்த நல்லா கொறச்சு வச்சிருக்காங்க, பட்டுக்கடைல கரண்ட் போன மாதிரி. இந்த கலெக்ஷன் ஆரம்பிச்சதும் அதே 1912தான், ஹெலன் டாஃப்ட் தன்னோட கவுன கொடுத்து பிள்ளையார் சுழி போட்டிருக்காங்க.

உண்மைய சொல்றேன், எனக்கு லேசா எரிச்சல்தான் வந்துச்சு. இத்தன பொம்பளைங்க இருந்திருக்காங்க, கூட்டம் கூடி நிக்கிறது கவுன் முன்னாடி. பக்கத்துல நின்ன ஒரு பொண்ணு இடுப்பு அளவு பத்தி மட்டும் பத்து நிமிஷம் பேசுச்சு. ஆனா ஒரு உடைல என் கால் நின்னுடுச்சு. மேரி லிங்கனோட ஊதா வெல்வெட். தச்சது எலிசபெத் கெக்லின்னு ஒரு கறுப்பின பெண்மணின்னு சொல்றாங்க, அடிமையா பொறந்தவங்க, 1,200 டாலர் கொடுத்து தன்னையும் மகனையும் 1855ல விலைக்கு வாங்கி விடுதலை ஆனவங்க. தன்னையே வாங்கறதுன்னா என்னன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. நான் அந்த வெல்வெட்ல ஓரத்துல இருக்கிற தையல மட்டும் குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தேன், சன்னமா, ஒரே சீரா.

சாயங்காலம் லாஃபாயெட் சதுக்கம், வெள்ளை மாளிகைக்கு நேர் எதிர்ல. மூலைல ஒரு பழைய வீடு, ஜனாதிபதி ஜேம்ஸ் மேடிசனோட சம்சாரம் டாலி மேடிசன் வயசான காலத்துல இருந்தது. பள்ளிக்கூடப் பாடத்துல இவங்கள பத்தி ஒரே கதைதான், 1814 ஆகஸ்ட் 24, பிரிட்டிஷ்காரன் ஊருக்குள்ள வந்து மாளிகைய கொளுத்தறதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடி ஜார்ஜ் வாஷிங்டனோட பெரிய ஓவியத்த காப்பாத்தினாங்கன்னு. அன்னிக்கு அந்த வீட்டுல 15 வயசு அடிமைப் பையன் ஒருத்தன் இருந்தான், பால் ஜென்னிங்ஸ். பின்னாடி 1865ல தன் நினைவுகள எழுதினப்ப, படத்த இறக்கினது வாசல்காரரும் தோட்டக்காரரும்தான், அந்தம்மா கைல வெள்ளிச் சாமான அள்ளிக்கிட்டு போனாங்கன்னு எழுதிட்டாரு. சொன்னது அவங்க, இறக்கினது வேலக்காரங்கன்னு வச்சுக்குவோம், எந்த பெரிய வீட்டுலயும் அப்படித்தான.

ஆனா இதுக்கப்புறம் வர்றதுதான் என்னால தாங்க முடியல. மேடிசன் செத்து, மகன் சொத்தெல்லாம் தொலைச்சு, டாலி கையில காசில்லாம இந்த மூலை வீட்டுல கெடந்தாங்க. ஜென்னிங்ஸ வித்துட்டாங்க. டேனியல் வெப்ஸ்டர்னு ஒரு செனட்டர் 120 டாலர் கொடுத்து மீட்டாரு, மாசம் 8 டாலரா வேல செஞ்சு கழிக்கணும்னு ஒப்பந்தம் (பழைய பழக்கம், உடனே மனசுக்குள்ள டிவைட் பண்ணிட்டேன், 15 மாசம்). அப்படி விடுதலை ஆன மனுஷன், பழைய எஜமானியம்மா வீட்டுல சாப்பாட்டுக்கே வழியில்லன்னு தெரிஞ்சு தன் பாக்கெட்ல இருந்து அப்பப்ப சில்லறை கொடுத்திருக்காரு. வித்தவங்களுக்கு! நான் அந்த வீட்டு படிக்கட்டு எதிர்ல நின்னு இவர்ட்ட சொல்லிட்டிருந்தேன், இவர் ஒண்ணும் பேசல, கண்ணாடிய கழட்டி துடைச்சார்.

வெள்ளை மாளிகை கிழக்குப் பக்கம் போய் பாத்தோம். ஈஸ்ட் விங்னு ஒரு பகுதி இருந்துச்சு. 1977ல ரோசலின் கார்ட்டர்தான் அங்க தனக்குன்னு ஒரு ஆபீஸ் போட்டு, கையில பெட்டியோட தினம் வேலைக்குப் போற மாதிரி போன முதல் ஃபர்ஸ்ட் லேடி. கேபினட் மீட்டிங்ல போய் உக்காந்து நோட்ஸ் எடுத்ததுக்கு பேப்பர்காரங்க கிழி கிழின்னு கிழிச்சாங்க. 1979ல மனநல மருத்துவத்துக்காக செனட் கமிட்டி முன்னாடி போய் சாட்சி சொன்னாங்க. அந்த ஈஸ்ட் விங்க 2025 அக்டோபர்ல பால்ரூம் கட்டறதுக்காக இடிச்சுட்டாங்க. எட்டிப் பாத்தா தெரியுமான்னு வேலியோரமா நடந்து பாத்தேன், செக்யூரிட்டி பாத்த பார்வைல பையன் கையப் புடிச்சு இழுத்துட்டான்.

ராத்திரி கால் வலி. காருக்கு பார்க்கிங் அபராதச் சீட்டு வேற, போர்டுல இருந்த மூணு வரி சட்டத்துல எத மீறினோம்னு ரெண்டு வக்கீல் வச்சாலும் புரியாது.

நாள் 3, எஸ் ஸ்ட்ரீட், அப்புறம் ஒஹாயோ ரோடு

இன்னிக்கு பாத்தது ஒரே வீடு. உட்ரோ வில்சன் வீடு. ஜனாதிபதி பதவி முடிஞ்சு வந்து இங்க இருந்து 1924ல இறந்தாரு, சம்சாரம் எடித் அதே வீட்டுல 1961 டிசம்பர் வரைக்கும் இருந்தாங்க. கென்னடி பதவியேற்ற அன்னிக்கு குளிர்ல போய் உக்காந்திருந்தாங்களாம், அவ்ளோ வருஷம்.

கதை இதுக்கு முந்தி. 1919 அக்டோபர் 2, வில்சனுக்கு பெரிய ஸ்ட்ரோக், இடது பக்கம் விழுந்துடுச்சு. ஊருக்கு சொல்லல, மந்திரிங்களுக்கு முழுசா சொல்லல. எந்த ஃபைலா இருந்தாலும் எடித் கைக்கு வரணும், எது முக்கியம் எது முக்கியமில்லன்னு அவங்கதான் பிரிப்பாங்க, ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போய் திரும்பி வந்து "ஜனாதிபதி இப்படி சொல்றார்"னு ஓரத்துல அவங்க கையெழுத்துலயே எழுதிக் கொடுப்பாங்க. நான் ஒரு முடிவும் எடுக்கல, எத எப்ப அவர்ட்ட காட்டணும்ங்கறது மட்டும்தான் என் முடிவுன்னு பின்னாடி எழுதினாங்க. மட்டும்! பேங்க்ல வேல பாத்த யாரையாவது கேளுங்க, எந்த ஃபைல் மேல எந்த ஃபைல் இருக்கணும்ங்கறதுதான் அதிகாரமே.

நம்ம ஊர்ல பஞ்சாயத்து தலைவியா பொண்டாட்டி ஜெயிச்சிருப்பா, நாற்காலில புருஷன் உக்காந்திருப்பான். அத அப்படியே திருப்பிப் போடுங்க, அதான் 1919 வாஷிங்டன். இதுல வேடிக்கை என்னன்னா அப்போ நாடு முழுக்க பொம்பளைங்களுக்கு ஓட்டு கிடையாது, 1920 ஆகஸ்ட்லதான் சட்டம் நிறைவேறுச்சு. அதுலயும் வேடிக்கை, ஓட்டு கேட்டு வெள்ளை மாளிகை கேட்டுல நின்ன பொண்ணுங்கள எடித்துக்கு ஆகவே ஆகாது.

டூர் கூட்டிட்டுப் போன பெரியவர்ட்ட அவங்க மேசை எதுன்னு கேட்டேன். ரெண்டு மூணு காட்டினார். எனக்கு மேசைய விட அந்த பெட்ரூம் கதவுதான் மனசுல நின்னுச்சு. இங்க இல்ல, வெள்ளை மாளிகைல இருந்த கதவு, அந்தப் பக்கம் நாடு, இந்தப் பக்கம் ஒரு நோயாளி, நடுவுல குமிழ புடிச்சிட்டு ஒரு சம்சாரம்.

மதியம் கிளம்பி மலை ரோடு, ராத்திரி கேண்டன். டாஷ்போர்டு மேல போன வச்சு இத டைப் பண்றேன், தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

நாள் 4, கேண்டன், ஒஹாயோ

சின்ன ஊரு. ஃபர்ஸ்ட் லேடிங்களுக்குன்னே தேசிய பூங்காத்துறைல பதிவான நினைவிடம் இங்கதான், ரெண்டு கட்டடம், ஒண்ணு ஜனாதிபதி மெக்கின்லியோட சம்சாரம் ஐடாவோட பொறந்த வீட்டு மாளிகை, இன்னொண்ணு 1895ல கட்டின ஒரு பேங்க் கட்டடம். பேங்க்னு கேட்டதும் பையன் "அம்மா வீட்டுக்கு வந்துட்டீங்க"ன்னு சிரிச்சான்.

ஐடா பத்தி நான் இதுக்கு முன்னாடி கேள்விப்பட்டதே இல்ல. இந்த ட்ரிப்புலயே எனக்கு ரொம்ப நெருக்கமா போனது இவங்கதான். அப்பா பேங்க் வச்சிருந்தார். 1860கள் கடைசி, நல்ல குடும்பத்துப் பொண்ணு வேலைக்கே போகாத காலம், அப்பா இவங்கள கவுண்டர்ல கொண்டு போய் உக்கார வச்சார். அவர் ஊர்ல இல்லாதப்ப பேங்க்க பாத்துக்கிற அளவுக்கு வந்துட்டாங்க. அங்கதான் வக்கீல் மெக்கின்லி பழக்கம், 1871ல கல்யாணம். ரெண்டே வருஷம். 1873ல அம்மா இறந்தாங்க, அதே வருஷம் ரெண்டாவது குழந்தை பொறந்து சில மாசத்துல போச்சு, 1875ல மூத்த பொண்ணு கேட்டியும் போச்சு, வலிப்பு வர ஆரம்பிச்சுது. அந்த பேங்க் கவுண்டர்ல இருந்த பொண்ணு காணாமயே போயிட்டா.

மெக்கின்லி ஜனாதிபதி ஆனப்புறம் விருந்துல சம்பிரதாயத்த மாத்தி சம்சாரத்த தன் பக்கத்துலயே உக்கார வச்சுக்குவாராம். வலிப்பு வந்தா கைக்குட்டைய எடுத்து அவங்க முகத்த மூடிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி பேச்ச தொடருவார், ஒரு நிமிஷம் கழிச்சு துணிய எடுப்பார், அவங்களும் விட்ட இடத்துல இருந்து பேசுவாங்க. இத கேட்டப்ப கூட வந்த ஒரு அம்மா "எவ்ளோ அன்பு"ன்னாங்க. அன்புதான். எனக்கு அந்தத் துணிக்கு உள்ள இருந்து பாத்தா எப்படி இருந்திருக்கும்னுதான் தோணுச்சு.

அந்தம்மா குரோஷா போட்டு செருப்பு பின்னுவாங்க, வீட்டுக்குள்ள போட்டுக்கற கம்பளிச் செருப்பு. பத்து இருபது இல்ல, ஆயிரக்கணக்குல. தர்மத்துக்கு ஏலம் விட கொடுத்துடுவாங்க. எங்க அத்தை ஒருத்தங்க மாமா போனப்புறம் வயர் கூடையா பின்னித் தள்ளினாங்க, தெருவுல கூடை இல்லாத வீடு கிடையாது, அதான் ஞாபகம் வந்துச்சு.

1901 செப்டம்பர் 6, பஃபலோ பொருட்காட்சில மெக்கின்லிய சுட்டாங்க, 14ஆம் தேதி இறந்தார். ஐடா கேண்டனுக்கே திரும்பி வந்து 1907 மே மாசம் போயிட்டாங்க, புருஷனுக்கு கட்டின பெரிய நினைவு மண்டபம் திறக்க நாலு மாசம் இருக்கறப்ப. அங்கயும் போனோம். குன்று மேல குவிமாடம், ஏற வேண்டிய படி எத்தனைன்னு நெனக்கிறீங்க, 108! இவர் படிய பாத்ததும் "பிள்ளையார வேண்டிக்கிட்டு ஏறு"ன்னார். வயசான கால், 40லயும் 75லயும் உக்காந்தேன். மேல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல, குழந்தைங்க ரெண்டும் சுவத்துக்குள்ள.

பேங்க் கட்டடத்துல ஜனாதிபதி ஃபோர்டோட சம்சாரம் பெட்டி ஃபோர்டு பத்தியும் படிச்சேன், 1974ல மார்பகப் புத்துநோய்னு ஆபரேஷன் ஆனத மறைக்காம வெளில சொன்னவங்க, அந்த வார்த்தையே வீட்டுல மெதுவா பேசின காலம், அப்புறம் டெஸ்டுக்கு பொம்பளைங்க வரிசையா போனாங்க. எங்க பிராஞ்சுல ஒரு அக்கா கடைசி வரைக்கும் யார்ட்டயும் சொல்லாமயே போனாங்க. அத விடுங்க.

நாள் 5

திரும்ப நியூஜெர்சி. நாள் பூரா கார். துணி துவைச்சேன், ரசம் வச்சேன்.

நாள் 6, ஹைட் பார்க், நியூயார்க்

ரூஸ்வெல்ட் குடும்பத்து பெரிய வீட்டுப் பேரு ஸ்பிரிங்வுட். வீடு யாருதுன்னா மாமியாரோடது. சாரா ரூஸ்வெல்ட், கடைசி மூச்சு வரைக்கும் அவங்கதான் எஜமானி. வரவேற்பு ரூம்ல குளிர்காயற அடுப்புக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பெரிய நாற்காலி. ஒண்ணு மகன் ஜனாதிபதி ஃபிராங்க்ளினுக்கு, ஒண்ணு அம்மாவுக்கு. அவர் சம்சாரம் எலினோர்? எங்க இடம் இருக்கோ அங்க. மேல போனா மகன் ரூம் பெருசு, மாமியார் ரூம் பெருசு, ரெண்டுக்கும் நடுவுல எலினோர் ரூம், ஒத்தக் கட்டில் போட்டா நடக்க வழி இருக்கு அவ்ளோதான். நியூயார்க் சிட்டில இன்னும் மோசம், மாமியார் ஒட்டினாப்ல ரெண்டு வீடு கட்டி மாடிக்கு மாடி கதவு வச்சு இணைச்சுட்டாங்க, எப்ப எந்தக் கதவு வழியா வருவாங்கன்னு தெரியாது. டூர்ல இருந்த வெள்ளக்காரங்க "ஓ"ன்னாங்க. நானும் எனக்கு முன்னாடி நின்ன ஒரு குஜராத்தி அம்மாவும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சுக்கிட்டோம், எங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம்.

அங்க இருந்து ரெண்டு மைல், வால்-கில். ஒரு சின்ன ஓடைக்கரை. 1920கள்ல எலினோரும் ரெண்டு சிநேகிதிகளும் சேந்து ஒரு கல் வீடு கட்டினாங்க, பக்கத்துல மர சாமான் செய்யற ஃபேக்டரி போட்டாங்க, கிராமத்து ஆளுங்களுக்கு குளிர்காலத்துல வேல கிடைக்கட்டும்னு. 1936ல ஃபேக்டரி ஓடல, மூடிட்டாங்க. அந்த ஃபேக்டரி ஷெட்டதான் எலினோர் தன் வீடா மாத்திக்கிட்டாங்க. மாளிகைல இருந்த மருமக ஷெட்டுக்கு வந்து நிம்மதியானாங்க.

வீடு ஒழுங்கில்லாம இருக்கு, கோணல் மாணலா ரூமு, ஒண்ணுக்கொண்ணு பொருந்தாத நாற்காலி, சுவரெல்லாம் ஃபோட்டோ. நேரு 1949ல ஹைட் பார்க் வந்திருக்கார், சோவியத் தலைவர் குருஷேவ் வந்திருக்கார், 1960ல ஓட்டு கேக்க கென்னடி இங்க வந்து உக்காந்திருக்கார். அப்புறம் பாத்தேன் மேசைய. மேல ஒரு மரப் பெயர்ப்பலகை. பேருல ஒரு எழுத்து கொறையுது! யாரோ ஒரு சின்னப் பையன் செஞ்சு கொடுத்தானாம், ஸ்பெல்லிங் தப்பு. அத மாத்தாம அப்படியே வச்சு அதுக்குப் பின்னாடி உக்காந்து உலகத்துக்கே கடிதம் எழுதியிருக்காங்க.

பேப்பர்ல தினசரி ஒரு பத்தி எழுதினாங்க, 1935 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1962 வரைக்கும், பெரும்பாலும் வாரம் ஆறு நாள். புருஷன் செத்தப்ப நாலு நாள் லீவு. நான் அஞ்சு நாள் டைரிக்கே ஒரு நாள ரசத்தோட முடிச்சுட்டேன். வெள்ளை மாளிகைல இருந்தப்ப பெண் நிருபர்களுக்கு மட்டும்னு பிரஸ் மீட் வச்சாங்க, 12 வருஷத்துல 348. பேப்பர்காரன் வேற வழியில்லாம பொம்பளைங்கள வேலைக்கு வச்சுக்கணும்ல, அதான் சூட்சுமம். 1939ல மரியன் ஆண்டர்சன்ங்கற கறுப்பின பாடகிக்கு ஒரு பெரிய பெண்கள் சங்கம் தன் ஹால கொடுக்க மாட்டேன்னு சொன்னப்ப, எலினோர் அந்த சங்கத்துல இருந்து ராஜினாமா பண்ணி அத பத்திலயும் எழுதிட்டாங்க. ஈஸ்டர் அன்னிக்கு லிங்கன் நினைவிடத்துல அந்தம்மா பாடினாங்க, 75,000 பேர் கேட்டாங்க.

புருஷன் போனப்புறம்தான் பெரிய வேலையே. ஐ.நா.ல மனித உரிமை பிரகடனம், 1948 டிசம்பர் 10, பாரிஸ்ல நிறைவேறுச்சு, அந்தக் கமிஷனுக்கு தலைவர் எலினோர். முதல் வரில "எல்லா ஆண்களும்"ங்கற அர்த்தத்துல இருந்தத "மனிதர் எல்லாரும்"னு மாத்த வச்சது நம்ம நாட்டுப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. "ஆண்கள்"னா எல்லாரும் அடங்கிடும்னு எலினோருக்கே தோணியிருக்கு, எங்க ஊர்ல அடங்காதுங்கன்னு ஹன்சா சொல்லிட்டாங்க. இத அந்த குஜராத்தி அம்மாட்ட சொன்னேன். ஹன்சா அவங்க ஊராம், சூரத். எனக்கு தேப்லா கொடுத்தாங்க.

நாள் 7, குவின்ஸி, மாசசூசெட்ஸ்

கடைசி நாள், மழை. அபிகெய்ல் ஆடம்ஸ். ஒரு ஜனாதிபதிக்கு சம்சாரம், இன்னொரு ஜனாதிபதிக்கு அம்மா. பள்ளிக்கூடமே போகாதவங்க. புருஷனும் இவங்களும் எழுதிக்கிட்ட கடிதம் 1,100க்கு மேல இருக்கு. முதல் ஃபர்ஸ்ட் லேடி மார்த்தா வாஷிங்டன் புருஷன் கடிதத்தையெல்லாம் எரிச்சுட்டாங்க, ஒண்ணு ரெண்டுதான் தப்பிச்சுது. நல்லவேள இவங்க எரிக்கல.

கூரை பின்பக்கம் சரிஞ்சு இறங்குற சின்ன மரவீடு, கீழ நாலடி வச்சா அடுத்த சுவரு. புருஷன் பிலடெல்பியால நாட்டுக்கு சட்டம் எழுதிட்டிருக்கார், இவங்க இங்க மாடு, வயல், நாலு குழந்தை, கடன் கணக்கு. 1776 மார்ச் 31, "புதுச் சட்டத்துல பெண்கள மறந்துடாதீங்க, புருஷன்மார் கைல வரம்பில்லாத அதிகாரத்த கொடுக்காதீங்க"ன்னு எழுதறாங்க. அவர் பதில் போடறார், எனக்கு சிரிப்புதான் வருதுன்னு. இவங்க அதோட விட்டாங்களா, அதுவும் இல்ல, சிநேகிதி ஒருத்தங்களுக்கு எழுதி புலம்பினாங்க.

இவங்க எங்க உக்காந்து எழுதினாங்கன்னு கேட்டேன். அவங்களுக்குன்னு தனியா ரூம் எதுவும் கிடையாது. ஆனா ஒரு கடிதம் இருக்கு, அதே வருஷம் ஆகஸ்ட். பெரியம்மை ஊசிக்காக குழந்தைங்கள கூட்டிட்டு பாஸ்டன்ல சொந்தக்காரம்மா வீட்டுல தங்கியிருக்காங்க. அந்த வீட்டுல ஜன்னல் வச்ச குட்டி அறை ஒண்ணு, புத்தகத் தட்டு, சின்ன மேசை. தன்னுதுன்னு சொல்லிக்க ஜன்னல் வச்ச அறை ஒண்ணு வேணும்னு எனக்கு எப்பவுமே ஆசைன்னு புருஷனுக்கு எழுதறாங்க. சொந்த வீட்டுல இல்ல, விருந்தாளியா போன இடத்துல, ஊசி போட்டு காய்ச்சல் வாட்டற நேரத்துல கிடைச்சிருக்கு.

இதுல இன்னொண்ணு. பின்னாடி வசதி வந்தப்ப பெரிய வீடு வாங்கி, 1800ல அபிகெய்ல் முன்ன நின்னு அந்த வீட்ட விரிச்சுக் கட்டினாங்க, கீழ நீளமான ஹாலு, மேல ஒரு அருமையான படிப்பறை. யாருக்குன்னு நெனச்சீங்க, புருஷனுக்கு. அந்த அறைல நின்னு இவர் "நல்ல வெளிச்சம்"னார். நான் அவர முறைச்சேன், எதுக்குன்னு அவருக்குப் புரியல.

ஆடம்ஸ் தம்பதி, மகன், மருமக நாலு பேரும் அந்த ஊர் சர்ச்சுக்கு அடில நிலவறைல இருக்காங்க. மழைல அது வரைக்கும் போயிட்டு வந்தோம், செருப்பு பிஞ்சுடுச்சு.

இப்ப மணி பத்தரை. ஹோட்டல் ரூம்ல ஒரே ஒரு மேசை, அதுல இவர் சூட்கேஸ தெறந்து போட்டு, பையன் லேப்டாப்ப வச்சு, ஈர சாக்ஸ காயப் போட்டிருக்காங்க. அலமாரிக்குள்ள துணி தேய்க்கிற பலகை ஒண்ணு மடிச்சு வச்சிருந்துச்சு, அத பிரிச்சு ஜன்னலோரமா போட்டு டைப் பண்றேன், உயரம் சரியா இருக்கு. இவர் தூக்கத்துல பாதி எழுந்து, "என்ன இந்நேரத்துல இஸ்திரி போடற"ன்னு கேக்கறார்.